அப்டேட் வராத போனுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஓர் ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். நான்கு வருடம் செக்யூரிட்டி அப்டேட் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்ததால்தான் அதை எடுத்தேன். இப்போது எட்டு மாதமாக எதுவுமே வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியும் அதே போன்தான் வைத்திருக்கிறான். அவனுக்குப் புது ஆண்ட்ராய்டே வந்துவிட்டது. கேட்டால், சிம் கம்பெனிதான் விடவில்லை என்கிறார் கடைக்காரர். கூகுள் அனுப்பினால்தான் நாங்கள் தர முடியும் என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். கஸ்டமர் கேரில் எப்போதும் ஒரே பதில், "விரைவில் வரும் மேடம்". சம்பளம், வாடகை, சீட்டுப் பணம் எல்லாம் இந்த போனில்தான் போய் வருகிறது. உண்மையில் யார் மேல் தப்பு? நான் போனை மாற்றிவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

தப்பு பெரும்பாலும் உங்களுக்கு அந்த போனை விற்ற கம்பெனி மேல்தான். கூகுளுக்கும் சிப் தயாரிப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு நான்கு வருடம் என்று வாக்குக் கொடுத்தது அவர்கள் இல்லை. எந்த சிப்பைப் போடுகிறோம், அதற்கு எத்தனை வருடம் ஆதரவு கிடைக்கும், ஒரே நேரத்தில் எத்தனை மாடல்களைப் பராமரிக்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அந்த வாக்கைக் கொடுக்கும்போதே கம்பெனிக்குத் தெரியும். போன் மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. தம்பிக்கு வந்தது புது ஆண்ட்ராய்டு பதிப்பு. உங்களுக்கு நின்றுபோனது செக்யூரிட்டி அப்டேட். முதலாவது தாமதமானால் எரிச்சல் வரும், பெரிய ஆபத்து ஒன்றும் வந்துவிடாது. இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டியது.

2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்றொரு பாதுகாப்பு ஓட்டை அம்பலமானது. செக்யூரிட்டி அப்டேட் அடைப்பது இப்படிப்பட்ட ஓட்டைகளைத்தான். ஒருவருடைய எண்ணுக்கு ஒரு எம்எம்எஸ் அனுப்பினாலே, அதை அவர் திறந்து பார்க்காவிட்டாலும் போனுக்குள் நுழைய வழி இருந்தது. ஏறக்குறைய எல்லா ஆண்ட்ராய்டு போன்களும் இதில் அடக்கம். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து, எந்தெந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டன என்று கூகுள் முறையாக அறிக்கை வெளியிட ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் உங்களுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்த அறிக்கை வெளியே வருவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போன் கம்பெனிகளுக்கு விவரம் போய்ச் சேர்ந்துவிடும். அறிக்கை வந்த பிறகு அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பது திருடனுக்கும் தெரியும். அதனால்தான் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் கணக்கில் வருகிறது. விலை குறைந்த மாடல்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தருவோம் என்று பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன, அதை ஏற்றுக்கொள்ளலாம். எட்டு மாதம் என்பது எந்தக் கணக்கிலும் சேராது. அதற்கு "கூகுள் அனுப்பவில்லை" என்று காரணம் சொல்வது உண்மைக்குப் புறம்பானது.

சரி, புதுப் பதிப்பு ஏன் தாமதமாகிறது என்று பார்ப்போம். இங்கே பழி கொஞ்சம் பரவலாகப் போகும்.

கூகுள் ஆண்ட்ராய்டின் மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை, வெளியிடுகிறது. அது அப்படியே உங்கள் போனில் ஓடாது. உள்ளே இருக்கும் சிப்புக்கும், கேமராவுக்கும், சிக்னல் பிடிக்கும் மோடத்துக்கும் டிரைவர்கள் என்ற இயக்கு மென்பொருள் வேண்டும். அவற்றை க்வால்காம், மீடியாடெக் மாதிரியான சிப் கம்பெனிகள்தான் எழுதித் தர வேண்டும். அப்புறம் போன் கம்பெனி தன்னுடைய முகப்பு, கேமரா ஆப், பேட்டரி அமைப்புகள் எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்றுகிறது. பிறகு கூகுளின் லட்சக்கணக்கான தானியங்கிச் சோதனைகளில் தேற வேண்டும். கடைசியாகச் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்து, பிரச்சினை இல்லையென்றால் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். இதில் எந்தக் கட்டம் நின்றாலும் வரிசை முழுவதும் நிற்கும்.

சிப் கட்டத்தில் நின்றுபோனதற்கு நல்ல உதாரணம் கேலக்ஸி நெக்ஸஸ். 2011 நவம்பரில் கூகுளின் பெயரிலேயே வந்த போன் அது. உள்ளே இருந்தது டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் தயாரித்த சிப். 2012-இல் அந்த நிறுவனம் போன் சிப் தொழிலிலிருந்தே விலகியது. 2013 அக்டோபர் கடைசியில் ஆண்ட்ராய்டு 4.4 வந்தபோது கேலக்ஸி நெக்ஸஸுக்குக் கிடைக்காது என்று கூகுள் அறிவித்தது. போனுக்குப் பதினெட்டு மாதம் கடந்துவிட்டது என்பது சொன்ன காரணம். ஆண்ட்ராய்டை எழுதுகிற நிறுவனமே தன் பெயரில் வந்த போனுக்கு இரண்டு வருடம்கூடப் பதிப்பு தரவில்லை. அந்தக் காலத்தில் சிப் கம்பெனி கையை விரித்தால் போனின் கதை முடிந்த மாதிரிதான்.

கூகுளின் பங்கும் சிறியது இல்லை. 2011-இல் பெரிய போன் கம்பெனிகளையும் சிம் கம்பெனிகளையும் மேடையில் சேர்த்து வைத்து, புதுப் போன்களுக்குப் பதினெட்டு மாதம் அப்டேட் தருவோம் என்று ஒரு கூட்டணியை அறிவித்தார்கள். அதன் பிறகு அந்தக் கூட்டணியைப் பற்றிப் பேச்சே இல்லை. 2017 வரை ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதியும் சிப் சார்ந்த பகுதியும் பின்னிப் பிணைந்தே கிடந்தன. ஒன்றை மாற்றினால் மற்றதையும் திறந்து வேலை பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 8-இல் வந்த ட்ரெபிள் என்ற திட்டம்தான் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் போன் கம்பெனிக்கு வேலை குறைந்தபோது சிப் கம்பெனிக்குக் கூடியது. ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் கூகுள் கேட்கும் புது அம்சங்களைப் பழைய சிப்புக்கும் எழுதித் தர வேண்டியிருந்ததால், பழைய சிப்பைக் கைவிடுவதே அவர்களுக்கு லாபம் என்றாகிவிட்டது. 2020 டிசம்பரில்தான் கூகுளும் க்வால்காமும் உட்கார்ந்து பேசி, புது நிபந்தனைகள் பழைய சிப்பைக் கட்டுப்படுத்தாது என்று முடிவு செய்தார்கள். க்வால்காமின் ஸ்னாப்டிராகன் 888 சிப்பிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. 2025-இல் ஸ்னாப்டிராகன் 8 எலைட் வகைச் சிப்புகளுக்கு எட்டு வருடம் வரை ஆதரவு சாத்தியம் என்று அறிவிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். விலை உயர்ந்த போன்களில் சிப்பைக் காட்டித் தப்பிக்க இனி அவ்வளவாக இடமில்லை.

கடைக்காரர் சொன்ன சிம் கம்பெனிக் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் அதற்கு அர்த்தம் உண்டு. அங்கே பலர் போனைச் சிம் கம்பெனியிடமே தவணைக்கு வாங்குகிறார்கள். தங்கள் நெட்வொர்க்கில் சோதித்துப் பார்க்காமல் அப்டேட்டை அந்தக் கம்பெனிகள் விடுவதில்லை. நாம் கடையில் காசு கொடுத்து எந்த சிம்மையும் போடக்கூடிய போனை வாங்குகிறோம். ஏர்டெல்லோ ஜியோவோ உங்கள் செக்யூரிட்டி அப்டேட்டுக்குக் குறுக்கே நிற்பதில்லை.

சொல்லப்போனால் இங்கே நடந்தது தலைகீழ். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி ஏர்டெல் எட்டு நகரங்களில் 5ஜி தொடங்கியது. சென்னையும் அதில் ஒன்று. நெட்வொர்க் தயார், போனில் 5ஜி மோடமும் இருக்கிறது, ஆனால் சிக்னல் வரவில்லை. காரணம், இந்தியாவில் 5ஜி-யைத் திறந்துவிடும் மென்பொருளை ஆப்பிள் அனுப்பவில்லை. சாம்சங்கின் பல மாடல்களுக்கும் அதே நிலைமை. ஐபோன் 12-ஐ 5ஜி போன் என்று சொல்லி 2020-இலிருந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 12-ஆம் தேதி மத்திய அரசு அதிகாரிகள் போன் கம்பெனிகளையும் சிம் கம்பெனிகளையும் கூப்பிட்டு, அப்டேட்டைச் சீக்கிரம் விடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஐபோன்காரர்களுக்கு டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான் 5ஜி கிடைத்தது. சிப், மென்பொருள், போன் மூன்றையும் தன் கையில் வைத்திருக்கும் கம்பெனி ஆப்பிள். இடையில் கூகுள் இல்லை, முகப்பு ஒட்டும் வேலை இல்லை. அங்கேயே இந்த நிலை என்றால், கம்பெனி எந்த ஊர் வாடிக்கையாளரை முதலில் கவனிக்க நினைக்கிறது என்பதுதான் விஷயம் என்று புரியும்.

இதைவிடத் தெளிவான சாட்சி சாம்சங் ஆண்ட்ராய்டு 15-ஐயும் 16-ஐயும் தந்த விதம். ஆண்ட்ராய்டு 15-இன் மூல நிரலை 2024 செப்டம்பர் 3-ஆம் தேதி கூகுள் வெளியிட்டது. சாம்சங்கின் அப்போதைய முதன்மை போனான எஸ்24-க்கு அது வந்து சேர்ந்தது 2025 ஏப்ரலில். ஏழு மாதம். இடையில் பிப்ரவரியிலேயே எஸ்25 அதே மென்பொருளோடு கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. அதாவது மென்பொருள் தயாராகிவிட்டது. ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் இரண்டு மாதம் காத்திருக்க, புதிதாகப் பணம் கொடுத்தவர்களுக்கு முதலில் போனது. அந்த முறை முகப்பின் தோற்றத்தையே மாற்றினார்கள், வேலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த ஆண்டைப் பாருங்கள். 2025 ஜூன் 10-ஆம் தேதி ஆண்ட்ராய்டு 16. செப்டம்பர் நடுவில் எஸ்25-க்கு வந்துவிட்டது. அதே கம்பெனி, அதே கூகுள், மூன்று மாதம். முடியாது என்றிருந்தது ஒரே வருடத்தில் எப்படி முடிந்தது? முன்னுரிமை மாறியது, அவ்வளவுதான்.

ஒரு வார்த்தை கம்பெனிகளின் பக்கமும் சொல்ல வேண்டும். எல்லாத் தாமதமும் குற்றமில்லை. அதே 2025 ஏப்ரலில், அப்டேட் போட்ட பிறகு சில போன்கள் திறக்க மறுக்கின்றன என்று கொரியாவிலிருந்து புகார் வந்ததும் சாம்சங் அதை நிறுத்திவைத்தது. அது சரியான முடிவு. சிலருக்கு இன்று, சிலருக்கு அடுத்த வாரம் என்று படிப்படியாகப் போவதில் நீங்கள் பின்னால் இருந்தால் அது கோபப்பட வேண்டிய விஷயமே இல்லை. பதினைந்து நாள், ஒரு மாதம் வரை பொறுக்கலாம்.

இனி என் முடிவுக்கு முக்கியமான காரணத்தைச் சொல்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் ஃபேர்போன் என்றொரு சிறிய நிறுவனம் இருக்கிறது. சாம்சங், ஷாவ்மி பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. 2015 கடைசியில் ஃபேர்போன் 2 என்ற போனை ஆண்ட்ராய்டு 5-உடன் விற்றார்கள். உள்ளே ஸ்னாப்டிராகன் 801. ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு அந்த சிப்புக்கு க்வால்காம் ஆதரவு தரவில்லை. பெரிய கம்பெனிகள் எல்லாம் அதே சிப் போட்ட போன்களை அங்கேயே விட்டுவிட்டன. சோனி எக்ஸ்பீரியா இசட்3-க்கு ஆண்ட்ராய்டு 7-இன் சோதனைப் பதிப்பு வரைக்கும் வந்து, பிறகு கைவிடப்பட்டது. ஃபேர்போன் விடவில்லை. லீனியேஜ்ஓஎஸ் என்ற தன்னார்வலர் குழு செய்து வைத்திருந்த வேலையையும் எடுத்துக்கொண்டு, க்வால்காமின் உதவி இல்லாமலே ஆண்ட்ராய்டு 7-ஐக் கொண்டுவந்து, கூகுளின் சோதனைகளிலும் தேறியது. அதன் பிறகு 9, அதற்குப் பிறகு 10. 2023 மார்ச் வரை, ஏழு வருடத்துக்கும் மேல் அந்த போனுக்கு ஆதரவு கொடுத்தார்கள். மெதுவாகத்தான் செய்தார்கள், ஆண்ட்ராய்டு 7-ஐத் தர 2018 கடைசி வரை ஆனது. ஆனாலும் செய்தார்கள். 2023-இல் ஃபேர்போன் 5-ஐ வடிவமைத்தபோது, தொழிற்சாலைக் கருவிகளுக்காகச் செய்யப்படும் ஒரு க்வால்காம் சிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வகைக்குச் சாதாரண போன் சிப்பைவிட நீண்ட காலம் ஆதரவு கிடைக்கும் என்பதுதான் காரணம். சிப்பைத் தேர்ந்தெடுப்பது போன் கம்பெனி. அதற்கு எத்தனை வருட ஆதரவு என்று பேசி முடிப்பதும் போன் கம்பெனி. வீடு கட்டிக் கொடுப்பதாகப் பணம் வாங்கிய மேஸ்திரி, மணல் லாரி வரவில்லை என்று எட்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தால் நாம் மணல்காரரைத் தேடிப் போவோமா?

உங்கள் தம்பி விஷயத்துக்குக் காரணம் இதுதான்: ஒரே பெயரில் விற்கும் போனுக்கு நாட்டுக்கு நாடு தனித்தனி மென்பொருள் கட்டு இருக்கும். முன்பே ஏற்றி வைக்கும் ஆப்கள், நெட்வொர்க் அமைப்புகள் எல்லாம் மாறும், சில சமயம் உள்ளே இருக்கும் பாகங்களே மாறும். எந்தக் கட்டை முதலில் முடிப்பது என்று தீர்மானிப்பதும் அதே கம்பெனிதான். இணையத்திலிருந்து சிங்கப்பூர் கட்டை இறக்கி உங்கள் போனில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வங்கி ஆப்கள் வேலை செய்யாமல் போகலாம், போனே எழுந்திருக்காமல் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம். நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம் ஒன்று, போதிய அப்டேட் தரவில்லை என்று சாம்சங் மீது 2016-இல் வழக்குப் போட்டது. இனிமேல் நடக்கப்போவதைப் பற்றி இப்போதே உத்தரவு போட முடியாது என்று 2018-இல் ஹேக் நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. அப்போது அப்படி. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடத்துக்கு அப்டேட் கிடைக்க வேண்டும். செக்யூரிட்டி அப்டேட்டுக்கு, மூல நிரல் வெளியானதிலிருந்து நான்கு மாதம் கெடு. புது அம்சங்களுக்கு ஆறு மாதம். கெடு யாருக்கு என்று கவனியுங்கள். போனைச் சந்தையில் விற்பவருக்கு. கூகுளுக்கும் சிப் கம்பெனிக்கும் நடுவே என்ன நடந்தாலும் அது விற்பவரின் தலைவலி. பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று வெளிப்படையாக அறிவித்தே விற்க வேண்டும். உலகத்திலேயே அதிக போன் விற்கும் நாடுகளில் ஒன்றான நம் நாட்டில் இப்படிக் கெடு வைக்கும் விதி இல்லை. யூபிஐ-யை இவ்வளவு தூரம் கொண்டுவந்த நாட்டில், அது ஓடுகிற போனின் பாதுகாப்பைக் கம்பெனியின் நல்லெண்ணத்துக்கு விட்டுவைத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டால் இரண்டு தேதிகள் தெரியும். ஒன்று செக்யூரிட்டி அப்டேட் தேதி. அது கம்பெனி தருவது. இன்னொன்று கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட். 2019-இல் ஆண்ட்ராய்டு 10-லிருந்து, போனின் சில உள்பகுதிகளைக் கம்பெனிக்காகக் காத்திராமல் கூகுளே நேரடியாகப் புதுப்பிக்கிறது. ஸ்டேஜ்ஃபிரைட் ஓட்டை இருந்த மாதிரியான வீடியோ, ஆடியோ கையாளும் பகுதிகளும் அதில் சேரும். அந்த வரியைத் தொட்டு, வந்திருந்தால் ஏற்றிக்கொண்டு, ஒருமுறை போனை அணைத்துப் போடுங்கள். பலர் இதைத் தொடுவதே இல்லை.

அடுத்து, கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கு எதுவரை ஆதரவு என்று தேடுங்கள். நான்கு வருடம் என்பது பெரும்பாலும் அந்த மாடல் அறிமுகமான நாளிலிருந்து கணக்கு. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. ஆஃபரில் பழைய மாடல் வாங்கியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஆதரவுக் காலம் மிச்சம் இருந்தும் எட்டு மாதமாக வரவில்லை என்றால், தேதி தெரியும் திரையையும், பழைய விளம்பரத்தையும், பில்லையும் படமெடுத்து வைத்துக்கொண்டு கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். போனில் பேசினால் 'விரைவில்' என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்ச ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நீங்களே மனு கொடுக்கலாம். வாக்குக் கொடுத்து விற்றுவிட்டு நிறைவேற்றாதது சேவைக் குறைபாடு என்று கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

பணம் பத்திரமா என்ற கவலைக்கு வருகிறேன். இன்று நம் ஊரில் கணக்கைக் காலி செய்கிற திருட்டுகள் பெரும்பாலும் நுட்பமான ஓட்டை வழியாக வருவதில்லை. டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆப்பை நேரடியாக ஏற்றும் கோப்பு) தொட்டு ஏற்றிவிடுவதால்தான் வருகின்றன. ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் ஏற்றாதீர்கள், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும் ஆப்களைச் சந்தேகப்படுங்கள், குரோமையும் வங்கி ஆப்களையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். அப்டேட் நின்ற போனில் இப்படி ஒன்று உள்ளே வந்துவிட்டால் அதைத் தடுக்க ஆள் குறைவு.

இதற்காக உடனே புதுப் போன் வாங்க வேண்டாம். கம்பெனியின் பக்கத்தில் உங்கள் மாடலின் ஆதரவு இன்னும் முடியவில்லை என்றால் புகார் கொடுத்துவிட்டு, ஓரிரு மாதம் பார்க்கலாம். முடிந்துவிட்டது என்று போட்டிருந்தால் யூபிஐ-யையும் வங்கி ஆப்களையும் வீட்டில் அப்டேட் வந்துகொண்டிருக்கும் வேறொரு போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வங்கியில் பதிந்த சிம்மும் அந்த போனில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அடுத்த போன் வாங்கும்போது கேமராவைப் பார்க்கும் முன் ஆதரவு முடியும் மாதத்தையும் வருடத்தையும் கடைக்காரரிடம் கேளுங்கள். கூகுளின் பிக்சல் 8-இலிருந்தும் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-இலிருந்தும் ஏழு வருடம் என்று சொல்லி விற்கிறார்கள். உங்கள் விலையில் அவ்வளவு கிடைக்காது, ஆனால் அதே விலையில் இரண்டு வருடம் தருபவரும் இருக்கிறார், ஐந்தாறு வருடம் தருபவரும் இருக்கிறார்.